சேறு காயட்டும்!

மழைக்காலத்தில் மலையேறித் திரும்பியவரின் முதுகுப்பையையோ, படைவீரர் சீருடையின்மேல் அணியும், பல பைகள் தைத்த கையில்லா மேலங்கியையோ பார்த்திருக்கிறீர்களா? சேறு அப்பியிருக்கும். உடனே வாளித் தண்ணீரில் முக்கித் தேய்க்கத்தான் கை பரபரக்கும். பொறுங்கள்!

களிமண், வண்டல், மணல் ஆகியவை நீருடன் கலந்ததே சேறு. இவற்றுள் களிமண் துகளின் குறுக்களவு 2 மைக்ரானுக்கும் குறைவு; ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரான். தகடு போன்ற இத்துகள்களின் பரப்பில் எதிர்மின்னூட்டம் உண்டு. ஆகவே அவை நீரைப் பற்றிக்கொண்டு வழுவழுப்பான கூழாகின்றன. ஈரத்தில் தேய்த்தால் இக்கூழ் நெசவின் இழைகளுக்கிடையே புகுந்துவிடும். காயவிட்டால் என்ன நிகழ்கிறது? நீர் ஆவியாகக் களிமண் சுருங்கி, வற்றிய ஏரியின் தரைபோல் வெடிக்கிறது. பிறகு உதறி, மென்மையான பிரஷ்ஷால் தட்டினால் பெரும்பகுதி உதிர்ந்துவிடும்.

மண்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். மணலில் பெரும்பாலும் இருப்பது குவார்ட்சு. மோ கடின அளவில் அதன் எண் 7. சாதாரணக் கத்தியின் எஃகுக்கோ ஏறத்தாழ 5.5. பட்டைக்குள் தங்கிய மணல், ஒவ்வோர் இழுப்பிலும் நைலான் இழையைச் சிறிது சிறிதாக அறுக்கும். சுமை தாங்கும் பட்டை பாதி வழியில் அறுந்தால் என்னவாகும்!

கழுவுமுன் பைகளைக் காலி செய்யுங்கள். குண்டு தடுக்கும் தகடுகளும் கெவ்லார் அடுக்குகளும் இருந்தால் அவற்றை வெளியே எடுத்துவிட வேண்டும். அவற்றை ஈரத்துணியால் துடைத்தாலே போதும். வெல்குரோ பட்டைகளை ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கொக்கிகளில் நூல் சிக்கும்.

வெதுவெதுப்பான நீரும் சிறிதளவு சலவைத் திரவமும் போதும். உப்புநீர்க் கிணறுள்ள ஊர்களில் சோப்பு ஏற்றதன்று. நீரிலுள்ள கால்சியம், மெக்னீசியத்துடன் அது சேர்ந்து கரையாத படிவமாகித் துணியில் ஒட்டும். பல சலவைத்தூள்களில் வெண்மையூட்டிகள் உண்டு. இவை புறஊதாக் கதிரை உறிஞ்சி நீலஒளியாக வெளிவிடுகின்றன. பள்ளிச் சட்டைக்கு அது அழகு. மறைந்திருக்க வேண்டிய வீரருக்கோ ஆபத்து! குளோரின் வெளுப்பான் நைலானின் மூலக்கூற்றுச் சங்கிலியையே தாக்கும். கொதிநீர் பட்டால் துணியின் உட்புறத்தில் நீர் புகாதிருக்கப் பூசிய பாலியூரித்தேன் படலம் உரியக்கூடும்.

அலசியபின் பைகளிலுள்ள நீர் வடியத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள், ஆனால் நிழலில். வெயிலின் புறஊதாக் கதிர் நைலானை நாளடைவில் நலிவுறச் செய்யும். தையல் மடிப்புகளையும் விரலால் தொட்டுப் பாருங்கள். அங்கே ஈரமிருக்கும்போது மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும்.