இறந்தவர் பெயரில் கடன் வழக்கு வந்தால் பிள்ளைகள் செய்ய வேண்டியது என்ன?

கருமாதி முடிந்து சில மாதங்கள் கழித்து, இறந்த தகப்பனார் பெயருக்கே நீதிமன்றக் கடிதம் வரும் குடும்பங்கள் உண்டு. கிரெடிட் கார்டு பாக்கி, வாகனக் கடன் பாக்கி இவ்வளவு என்று கடன் கொடுத்தவரின் வழக்குரைஞர் தாக்கல் செய்த வழக்காக அது இருக்கும்.

"ஆளே இல்லை, வழக்கு எப்படி நிற்கும்?" என்று சிலர் கடிதத்தை மூலையில் போட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் பயந்துபோய்த் தங்கள் சம்பளத்திலிருந்து கட்டத் தொடங்குகிறார்கள். இரண்டுமே குடும்பத்துக்கு நஷ்டம்.

கடன் யாருடையது?

1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 8ஆவது பிரிவின்படி, ஒருவர் இறந்தாலும் அவர் வாங்கிய கடனுக்கான வழக்குரிமை மறைவதில்லை. ஆனால், அது பிள்ளைகள் மீது பாய்வதில்லை. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மீது மட்டுமே தொடரும்.

ஓர் உதாரணம். தந்தை விட்டுச்சென்ற சேமிப்பு 20,000 வெள்ளி. கார்டு கடன் 35,000 வெள்ளி. ஈமச்சடங்குச் செலவு 6,000 வெள்ளி. நியாயமான ஈமச்சடங்குச் செலவுக்கும் சொத்து நிர்வாகச் செலவுக்கும்தான் முதலிடம். மிஞ்சுவது கடனுக்குப் போகும். அதற்கும் மேல் நிற்கும் பாக்கியைப் பிள்ளைகள் கட்ட வேண்டியதில்லை. அதேபோல், கடன் தீராமல் பிள்ளைகள் பங்கு பிரித்துக்கொள்ளவும் முடியாது.

"அப்பன் கடன் பிள்ளை கடன்" என்ற எண்ணம் நம்மவர்களிடம் வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனின் தர்மக் கடமை என்று பழைய இந்துச் சட்டம் சொன்னது. இந்தியாவிலேயே 2005ஆம் ஆண்டுத் திருத்தம், அதன் பிறகு வாங்கும் கடன்களுக்கு அந்தக் கடமையைக் காரணம் காட்டி வசூலிக்க முடியாது என்று நிறுத்திவிட்டது.

யார் கட்டத்தான் வேண்டும்?

கடன் பத்திரத்தில் கூட்டாகக் கையெழுத்திட்டவரும் ஜாமீன் நின்றவரும் தப்ப முடியாது. அது அவர்களுடைய சொந்தப் பொறுப்பு. வீட்டுக் கடன் என்றால், வங்கி வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோகலாம். ஆகவே, கடனோடு சேர்த்து எடுத்த எம்ஆர்டிஏ காப்புறுதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது மீதிக் கடனை அடைக்கக்கூடும்.

14 நாள் கணக்கு

ரிட் மனு கையில் கிடைத்த தேதியைக் குறித்து வையுங்கள். ஆஜராவதற்கான படிவத்தைத் தாக்கல் செய்யப் பொதுவாக 14 நாட்களே அவகாசம். தவறினால், எதிர்த்தரப்பு இல்லாமலே தீர்ப்பு வாங்கிவிடலாம். அந்தத் தீர்ப்பைக் கொண்டு இறந்தவரின் வீடு, நிலம், சேமிப்பு மீது கை வைக்கலாம். அப்படித் தீர்ப்பு வந்துவிட்டால், அது கிடைத்த 30 நாட்களுக்குள் ரத்து செய்யக் கோரி மனு போட வேண்டும்.

சொத்து நிர்வாகி இன்னும் நியமிக்கப்படவில்லை என்றால், இறப்புச் சான்றிதழ் நகலோடு எதிர்த்தரப்பு வழக்குரைஞருக்கும் நீதிமன்றப் பதிவகத்துக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். போனில் சொன்னால் போதாது. இறந்தவரின் சொத்துக்குப் பிரதிநிதியாக ஒருவரை நியமிக்கும்படி வழக்குத் தொடுத்தவர்தான் நீதிமன்றத்தைக் கேட்க வேண்டும். "இந்தக் கடிதம் கடனை ஒப்புக்கொள்வதாகாது" என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள்.

கடன் பத்திரம், கணக்கு அறிக்கை, கடைசியாகப் பணம் கட்டிய தேதி ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். 1953ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டப்படி, ஒப்பந்தக் கடனுக்கு 6 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். காலம் கடந்திருந்தாலும் நீதிமன்றம் தானாக அதைக் கவனிக்காது. எதிர்வாதத்தில் நீங்கள்தான் எழுப்ப வேண்டும். வசூல் ஏஜெண்டு "ஐம்பது வெள்ளியாவது கட்டுங்கள்" என்று கேட்டாலும் யோசிக்காமல் கட்டாதீர்கள். சொத்து நிர்வாகி ஒரு பகுதியைக் கட்டினாலோ கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ அந்த 6 ஆண்டுக் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

தொடக்கூடாத பணமும் தொட முடியாத பணமும்

இறந்தவரின் ஏடிஎம் கார்டில் பணம் எடுப்பது, அவருடைய காரை விற்பது, நகையைப் பிரித்துக்கொள்வது எல்லாம் ஆபத்து. அதிகாரமின்றிச் சொத்தில் கை வைத்தவர், எடுத்த அளவுக்குக் கடன்காரருக்குப் பதில் சொல்ல நேரிடும்.

முஸ்லிம் அல்லாதவர் இபிஎஃப் சேமநிதிக்கு வாரிசு நியமனம் செய்திருந்தால், அந்தப் பணம் நியமிக்கப்பட்டவருக்கே சேரும். துணைவரையோ பிள்ளைகளையோ நியமித்த ஆயுள் காப்புறுதிப் பணமும் கடனுக்குப் போகாது. முஸ்லிம்களுக்கு முறை வேறு. நியமிக்கப்பட்டவர் பணத்தைப் பெற்றுப் பகிர்ந்து கொடுக்கும் பொறுப்பாளர் மட்டுமே. கடன் தீர்ந்த பிறகே ஃபராயிட் பங்கீடு.

வட்டி முதலை வாசலுக்கு வந்தால்

உரிமம் இல்லாத வட்டிக்காரரின் கடனை நீதிமன்றம் மூலம் வசூலிக்க முடியாது. மிரட்டினால் போலீஸில் புகார் செய்யுங்கள். உரிமம் பெற்றவர்கூட அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி கேட்க முடியாது. அடமானக் கடனுக்கு 12 விழுக்காடுதான்.

எங்கே போவது?

உயில் இல்லாமல், பணம், வாகனம் போன்ற அசையும் சொத்து மட்டும் 6 லட்சம் வெள்ளிக்குள் இருந்தால் அமானா ராயாவை அணுகலாம். வீடோ நிலமோ இருந்து, மொத்த மதிப்பு 50 லட்சம் வெள்ளிக்குள் இருந்தால் சிறு சொத்துப் பகிர்வுப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். 20 லட்சமாக இருந்த வரம்பு 2024இல் உயர்த்தப்பட்டது. மற்றவை உயர்நீதிமன்றத்துக்குப் போகும்.

வழக்குரைஞருக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள், அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவின் பினாங்குக் கிளையையோ வழக்குரைஞர் மன்றத்தின் பினாங்குச் சட்ட உதவி மையத்தையோ நாடலாம். போகும்போது வழக்குக் கடிதம், அது வந்த உறை, இறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடன் தாள்கள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். 14 நாட்களில் எத்தனை நாள் மீதம் இருக்கிறது என்பதைத்தான் அங்கே முதலில் சொல்ல வேண்டும்.