கரையான் மருந்து வரும் நாளில் மீன் தொட்டி

"ஸ்மெல்லே இருக்காது சார், ஒண்ணும் ஆகாது." கரையான் மருந்து அடிக்க வருபவர்கள் சொல்லும் இந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் பல வீடுகளில் மீன் தொட்டி இருந்த இடத்திலேயே விடப்படுகிறது. காலையில் டிரில் ஓடுகிறது. மதியத்துக்குள் துளைகளை வெள்ளை சிமென்ட் வைத்து அடைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். இரவு கப்பிகள் பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து நீந்துகின்றன. கோல்டு ஃபிஷ் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. விடிந்து பார்த்தால் தொட்டியில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. போன் செய்து கேட்டால், "நேத்து தண்ணி மாத்தினீங்களா சார்? அதனால இருக்கும்" என்பார்கள்.

வாசனை இல்லை என்பதற்கு நஞ்சு இல்லை என்று பொருளில்லை. இன்றைய கரையான் மருந்துகளில் பல, மனிதர்களின் மூக்குக்குத் தெரியாதபடி தயாரிக்கப்பட்டவை. மூக்கைக் கேட்டு முடிவு செய்யாமல் மருந்தின் பெயரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

இணையத்தில் தேடுகிறவர்களுக்கு அமெரிக்க ஆலோசனைகள்தான் முதலில் கண்ணில் படும். கலிஃபோர்னியாவிலும் ஃபுளோரிடாவிலும் வீடு முழுவதையும் தார்ப்பாயால் போர்த்தி, உள்ளே சல்ஃபூரில் ஃபுளோரைடு வாயுவைச் செலுத்துவார்கள். மீன், செடி உட்பட உயிருள்ள எதுவும் அப்போது வீட்டில் இருக்கக் கூடாது. நம் ஊர்க் குடியிருப்புகளில் அது வழக்கமில்லை. இங்கே தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஏறக்குறைய அடிக்கு ஒரு துளை போட்டு, அதில் நீர்த்த மருந்தை ஏற்றுவதுதான் நடைமுறை. கட்டி முடித்த கட்டடங்களுக்கான இந்திய தர நிர்ணயம் ஐ.எஸ். 6313, மூன்றாம் பாகம். அதுவும் 12 மி.மீ. விட்டத்தில், 300 மி.மீ. இடைவெளியில் துளையிடவே சொல்கிறது. துளை போட்டு மருந்து ஏற்றும் இந்த முறையையும் பலர் 'பியூமிகேஷன்', அதாவது வாயு செலுத்துதல், என்றே அழைக்கிறார்கள். உண்மையிலேயே வாயு மாத்திரை வைப்பதாக ஒருவர் சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்த மாத்திரையில் உள்ள அலுமினியம் பாஸ்பைடு, அரசின் அனுமதி பெற்ற நிபுணர்களின் மேற்பார்வையில் மட்டுமே பயன்படுத்த வேண்டிய கட்டுப்படுத்தப்பட்ட நஞ்சு. குடியிருக்கும் வீட்டில் அதற்கு இடமே இல்லை.

துளையில் ஏற்றும் மருந்துகள் எல்லாம் ஒரே ரகமல்ல. பைஃபென்த்ரின் போன்ற பைரித்ராய்டு வகைகள் மீனுக்கு மிகக் கொடியவை. இவற்றை நம் கல்லீரல் விரைவாகச் சிதைத்துவிடும். மீனின் உடலால் அது இயலாது. செவுள் வழியாக நேரே இரத்தத்துக்குப் போய் நரம்பைத் தாக்கும். புளூகில் என்ற மீனை வைத்துச் செய்த ஆய்வகச் சோதனைகளில், ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 0.35 மைக்ரோகிராம் பைஃபென்த்ரின் இருந்தாலே நான்கு நாளில் பாதி மீன்கள் இறந்துவிட்டன. இதை நம் வீட்டுக் கணக்குக்கு மாற்றிப் பார்ப்போம். 2.5 சதவீத பைஃபென்த்ரின் பாட்டிலிலிருந்து நீர்க்காத மருந்து ஒரே ஒரு சொட்டு, 100 லிட்டர் தொட்டியில் விழுகிறது என்று வையுங்கள். லிட்டருக்கு 12 மைக்ரோகிராமுக்கு மேல் வரும். மேலே சொன்ன அளவைப் போல முப்பது மடங்குக்கும் அதிகம்.

குளோர்பைரிபாஸும் மீனுக்குக் கொடியதுதான். 2025-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் அதை உலக அளவில் ஒழிக்க வேண்டிய பட்டியலில், சில விதிவிலக்குகளோடு, சேர்த்தன. ஃபிப்ரோனிலும் மீனுக்கு ஆகாது. இமிடாகுளோபிரிட் மட்டும் மீனைப் பொறுத்தவரை ஒப்பீட்டளவில் சாது. "இது மீனுக்கு ஒண்ணும் செய்யாது" என்று சொல்கிறவர் இந்த மருந்தை மனதில் வைத்துச் சொன்னால், அதில் பாதி உண்மை உண்டு. ஆனால் தொட்டியில் இறால் வளர்ப்பவர்கள் அதைக் கேட்டு நிம்மதி அடையக் கூடாது. பூச்சிகளின் நரம்பைக் குறிவைத்த அந்த மருந்து, இறால் போன்ற நீர்வாழ் உயிர்களையும் சேர்த்தே கொல்லும்.

டப்பாவின் மேல் சாய்சதுரத்துக்குள் ஒரு வண்ண முக்கோணம் இருக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நஞ்சின் கடுமை படிப்படியாகக் குறைவதைக் காட்டும் அடையாளம் அது. சிலர் பச்சையையோ நீலத்தையோ காட்டி "சேஃப் சார்" என்பார்கள். அந்த நிறம் எலி போன்ற பாலூட்டிகளில் செய்த சோதனையை வைத்துத் தரப்படுவது. மீனைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மீனுக்கான எச்சரிக்கை உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளில்தான் இருக்கும். அந்தத் தாளை வட்டார மொழியிலும் அச்சிட வேண்டும் என்பது விதி. கேட்டு வாங்கிப் படியுங்கள்.

மருந்து தொட்டிக்குள் எப்படிப் போகிறது? முதல் குற்றவாளி ஏர் பம்ப். அறையின் காற்றை இழுத்து, பொடிப்பொடிக் குமிழிகளாக உடைத்துத் தண்ணீருக்குள் விடுவதே அதன் வேலை. அறையில் மருந்துச் சாரல் மிதந்தால் அதையும் அது அப்படியே தண்ணீரில் கரைத்துவிடும். கதவு நிலை, அலமாரி போன்ற மர வேலைகளுக்கு மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் கலந்து அடிக்கும்போது ஆபத்து இன்னும் கூடுகிறது. ஃபைட்டர், கௌராமி போன்ற மீன்களுக்கு ஏர் பம்ப் தேவையில்லைதான். ஆனால் அவை நீர்மட்டத்துக்கு வந்து அறைக் காற்றை நேரடியாகச் சுவாசிப்பவை.

இரண்டாவது, பக்கெட். மருந்து கலக்க ஒரு பக்கெட் கேட்பார்கள். பாத்ரூமில் இருக்கும் ஏதோ ஒன்றைக் கொடுப்போம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே பக்கெட்டில் மீன் தொட்டிக்குத் தண்ணீர் பிடிப்போம். மருந்து அடித்து ஒரு வாரம் கழித்து மீன்கள் செத்தால் யாரும் மருந்தைச் சந்தேகிக்கவே மாட்டார்கள். கலக்கும் பாத்திரத்தை அவர்களே கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குழாயில் மாட்டிய ஓஸின் முனையை மருந்து டிரம்முக்குள் அமிழ விடக் கூடாது. தண்ணீர் நின்றால் மருந்து பின்னோக்கிக் குழாய்க்குள் ஏறும். தரைக்கடியில் சம்ப் இருக்கும் வீடுகளில் அதன் சுவரை ஒட்டித் துளை போட அனுமதிக்கவே கூடாது. அங்கே கேள்வி மீனோடு நிற்காது. வீட்டில் எல்லோரும் குடிக்கும், குளிக்கும் தண்ணீர் அது.

மூன்றாவதாக ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. கரையான் பல வீடுகளில் மீன் தொட்டிக்கு அடியில்தான் குடியேறுகிறது. பிளைவுட் ஸ்டாண்டு, எப்போதும் கசியும் ஈரம், சுவரோடு ஒட்டிய இருட்டு மூலை: கரையானுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஸ்டாண்டின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். மண் கோடு ஏறியிருந்தால், வருகிற ஆள் அந்தப் பலகையில் ஊசி போட்டு மருந்து ஏற்றத்தான் பார்ப்பார். விடாதீர்கள். பலகையைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு, இரும்பு ஸ்டாண்டுக்கோ கருங்கல் மேடைக்கோ மாறுங்கள். மருந்தும் வேண்டாம், பாரத்தைத் தாங்காமல் ஒரு நாள் தொட்டியே சரியும் பயமும் வேண்டாம்.

இனி, பாதுகாப்பு. மீன்களை வேறு வீட்டுக்கு மாற்றுவதே எல்லாவற்றிலும் நல்லது. தண்ணீரோடு தொட்டியைத் தூக்க முயலாதீர்கள். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் உள்ள சாதாரணத் தொட்டியே 54 லிட்டர் கொள்ளும். நகர்த்தினால் கண்ணாடி ஒட்டு விட்டுப்போகலாம். முந்தைய நாள் தீனி போடாதீர்கள், கழிவு குறையும். தொட்டித் தண்ணீரையே மூடியுள்ள பெரிய டப்பாவில் எடுத்து, மீன்களை அதில் விட்டு, ஒரு ஏர் ஸ்டோன் போட்டு, பக்கத்து வீட்டிலோ உறவினர் வீட்டிலோ வையுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சையும் உடன் அனுப்புங்கள். மீனின் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா அதில்தான் வாழ்கிறது, காய்ந்தால் செத்துவிடும். திரும்பி வரும் மீன்கள் பிறகு அமோனியாவில் அவதிப்படும்.

மாற்ற வழியில்லை, தொட்டியும் பெரிது என்றால், பம்பை மட்டும் வெளியே கொண்டுபோங்கள். மருந்து அடிக்காத பக்கத்து பால்கனியிலோ மாடியிலோ வைத்து, நீளமான டியூப் வழியே காற்றை உள்ளே விடுங்கள். தண்ணீர் திரும்பி ஏறாமலிருக்க ஒரு வால்வு மாட்ட வேண்டும். மீன் கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். தொட்டியின் வாயைப் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிக் கட்டி, ஒரு மூலையில் மட்டும் விரல் நுழையும் இடைவெளி விடுங்கள். வெளியிலிருந்து வரும் காற்று அந்த வழியாகத் தள்ளிக்கொண்டு வெளியேறும். அறைக் காற்று உள்ளே நுழைவது வெகுவாகக் குறையும். பம்பை அணைத்துவிட்டுத் தொட்டியை முழுக்க மூடி வைப்பது, மருந்துக்குப் பதிலாக மூச்சுத்திணறலுக்கு மீனைக் கொடுப்பதுதான்.

வேலை முடிந்ததும் ஜன்னல்களைத் திறந்து, மின்விசிறியை ஓடவிட்டு, அறை நன்றாகக் காற்றாடட்டும். பிளாஸ்டிக்கைக் கழற்றும் முன் அதன் மேற்பரப்பையும் வெளிக் கண்ணாடியையும் வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக அலசிய பிறகே தொட்டியில் வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மீன்கள் துள்ளினாலோ, சாய்ந்தாலோ, கண்டபடி மோதிக்கொண்டு ஓடினாலோ நேரம் கடத்தாதீர்கள். சுத்தமான தண்ணீருக்கு மாற்றுங்கள். அது முடியாவிட்டால் பாதித் தண்ணீரையாவது உடனே மாற்றி, ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு, காற்றைக் கூட்டுங்கள். மாநகராட்சித் தண்ணீரானால் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தைக் கலக்க மறக்காதீர்கள். அந்தப் பாட்டிலை முன்பே வாங்கி வைத்திருப்பது நல்லது.

மீன்கள் இறந்துவிட்டால் பலர் அழுதுவிட்டு, தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறார்கள். கழுவுவதற்கு முன் தேதி, நேரத்தோடு படமும் வீடியோவும் எடுங்கள். தொட்டித் தண்ணீரை மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, காகிதம் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். பைரித்ராய்டுகள் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். இறந்த மீன்களைத் தனி உறையிலிட்டு உறைய வையுங்கள். மருந்து டப்பாவின் லேபிள், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் ஆதாரம்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி, பெஸ்ட் கன்ட்ரோலைத் தொழிலாகச் செய்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்ல நீங்கள் தயங்க வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சேவை தருபவர் தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்றே வரையறுக்கிறது. ஆகவே ஆள் வருவதற்கு முன்பே, "வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது, என்ன மருந்து, என்ன செய்ய வேண்டும்?" என்று எழுத்தில் கேளுங்கள். "ஒண்ணும் ஆகாது" என்ற பதிலும் எழுத்தில் வரட்டும். நாளை அதுவே உங்கள் சாட்சி. வாடகை வீட்டில் மருந்தடிக்க ஏற்பாடு செய்தவர் வீட்டுக்காரராக இருக்கலாம். அவர் சம்மதத்தோடு அந்தச் சேவையின் பயனைப் பெறுபவரையும் நுகர்வோர் என்றே சட்டம் பார்க்கிறது.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தீரவில்லையென்றால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கே போகலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். உரிமமில்லாத ஆள் என்றால் வேளாண்மைத் துறையிடமும் எழுதிக் கொடுங்கள்.

மீனுக்காக இவ்வளவா என்று கேட்பவர்கள் இருக்கலாம். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூர் பகுதியில், வீட்டில் வைத்த எலி மருந்தால் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். அது வேறு மருந்து, வேறு முறை. ஆனால் பெயர் கேட்காமல், எச்சரிக்கை சொல்லாமல் வீட்டுக்குள் நஞ்சு வரும் வழக்கம் ஒன்றேதான். தொட்டி மீனுக்காகக் கேட்கும் கேள்விகள் தொட்டிலில் உள்ள பிள்ளைக்கும் சேர்த்தே கேட்கப்படுபவை.

அடுத்த வாரம் உங்கள் வீட்டில் கரையான் வேலை இருக்கிறதா? இன்றே அந்த நிறுவனத்துக்கு ஒரு செய்தி அனுப்பி, மருந்து லேபிளையும் உரிமத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.