கொண்டல் கச்சானாகும் இடம்

2025 மே 29 அன்று கோவாவின் மர்மகோவா துறைமுகத்துக்குத் திரும்பியது தாரிணி. கடற்படை லெப்டினன்ட் கமாண்டர்கள் தில்னா, ரூபா அழகிரிசாமி இருவர் மட்டும் எட்டு மாதம் உலகைச் சுற்றிவந்த 56 அடி பாய்மரப் படகு. ரூபா புதுச்சேரிக்காரர். புயலையும் பேரலையையும் பக்கம் பக்கமாக எழுதிய செய்திகள், கேப்டவுனிலிருந்து கோவா வரையிலான கடைசி 44 நாளை ஒரு வரியில் முடித்துவிட்டன. ஆனால், அறிவியலின் ருசி அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் இருக்கிறது.

ஆப்பிரிக்கக் கரையை ஒட்டியே வடக்கே வந்துவிட முடியாது. அங்கே அகுல்லாஸ் நீரோட்டம் எதிர்முகமாக ஓடுகிறது. பாய்மரக்காரர்கள் கரையை விட்டு விலகி, கிழக்கே வெகுதூரம் போய்த்தான் வடக்கே திரும்புவார்கள். அப்போது காற்று தென்கிழக்கிலிருந்து, முதுகுக்குப் பின்னால் வலப்பக்கமாக அடிக்கும். நிலநடுக்கோட்டைத் தாண்டினால், மே மாதக் கடைசியில், முதுகுக்குப் பின்னால் இடப்பக்கமாக அடிக்கும். மீனவர் பேச்சில் சொன்னால், கிழக்கிலிருந்து வரும் கொண்டல் போய், மேற்கிலிருந்து வரும் கச்சான் வந்துவிடும். இரண்டும் வேறு வேறு காற்றல்ல. ஒரே காற்றுதான் வழியில் திரும்பிக்கொள்கிறது!

எப்படி? நிலநடுக்கோட்டில் தரை மணிக்குச் சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே ஓடுகிறது. கோவா இருக்கும் அட்சரேகையில் சுமார் 1,610. வித்தியாசம் 60 கி.மீ.; கிட்டத்தட்ட ஒரு பஸ்ஸின் வேகம். தெற்கிலிருந்து வரும் காற்று, ஓடும் பஸ்ஸில் தாவி ஏறுகிறவரைப் போல. பஸ் முந்திக்கொள்ள, அவர் பின்னால், அதாவது மேற்கே, சாய்கிறார். கோட்டைத் தாண்டி வடக்கே போகும் காற்று, ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர். அவர் முன்னால், கிழக்கே, தள்ளப்படுகிறார். "இறங்கினா பஸ் போற பக்கமே நாலு எட்டு ஓடு" என்பார்களே பெரியவர்கள், அந்த நாலு எட்டுதான் சோமாலியாவிலிருந்து மலபார் வரைக்கும் காற்று ஓடும் ஓட்டம். இந்த பஸ்ஸுக்கு ஒவ்வொரு பாகையும் ஒரு படி. நடுக்கோட்டருகே படிகள் மிகத் தாழ்வு, விலக விலக உயரம் கூடும். அதனால்தான் கோட்டைக் கடக்கையில் காற்று ஏறக்குறைய நேராகப் போய், பிறகு மெல்ல வளைகிறது.

அரபு மாலுமிகள் காரணம் கேட்காமலே இதை நம்பிப் பாய் விரித்தார்கள். ஏறக்குறைய நம் பஸ் கணக்கையே 1735இல் ஜார்ஜ் ஹாட்லி எழுதினார். சுழலும் இயந்திரங்களை ஆராய்ந்த கொரியோலிஸ் 1835இல் சரியான சூத்திரம் தந்தார். அச்சை நெருங்கும் பொருள் இன்னும் வேகமாகச் சுழலும் என்பதால், உண்மையான தள்ளல் பஸ் கணக்கைவிட அதிகம். கடற்பரப்பின் உராய்வு அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். இந்த விசைதான் கைகழுவும் தொட்டியில் நீரைச் சுழற்றுகிறது என்று காட்டும் வீடியோக்களை நம்ப வேண்டாம். தொட்டியின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் பூமியின் வேகத்தில் வித்தியாசமே இல்லை என்று சொல்லிவிடலாம். இதற்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேண்டும்.

அந்த ஆண்டு பருவமழை வழக்கமான ஜூன் 1க்கு எட்டு நாள் முந்தி, மே 24 அன்றே கேரளத்தைத் தொட்டது. தாரிணி கோவாவை அடைந்தது அதற்கு ஐந்து நாள் கழித்து. மழையைக் கொண்டுவந்ததும் நடுக்கோட்டில் திரும்பிய அதே கச்சான்தான்.