அச்சம் என்னும் அருட்கொடை

லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் கொடிய விரியன் பாம்பு ஒன்று கண்ணாடிக்குப் பின்னால் கிடந்தது. சார்லஸ் டார்வின் அந்தக் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார். பாம்பு சீறினாலும் அசைவதில்லை என்பது அவருடைய தீர்மானம். பாம்பு பாய்ந்தது. மறுகணமே டார்வின் ஓரிரு கஜம் பின்னால் துள்ளியிருந்தார்! தம் மன உறுதியும் பகுத்தறிவும் அங்கே எடுபடவில்லை என்று 1872-இல் வெளிவந்த நூலில் அவரே எழுதியிருக்கிறார்.

அத்தனை பெரிய அறிஞரின் அனுமதியைக்கூடக் கேட்காமல் உடல் தன்னைக் காத்துக்கொண்டது. என்னே இந்த ஏற்பாடு!

இதன் சூட்சுமத்தை அறிய முயன்றவர்கள் பலர். கரடியைக் கண்டால் பயப்படுகிறோம், பயத்தால் ஓடுகிறோம் என்றுதான் உலகம் நினைத்திருந்தது. 1884-இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் இதைத் தலைகீழாக்கினார். முதலில் உடல் பதறுகிறது, அந்தப் பதற்றத்தை மனம் உணர்வதே பயம் என்றார். மறு ஆண்டே டென்மார்க் மருத்துவர் கார்ல் லாங்கேயும் தனியாக ஆராய்ந்து ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தார்.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் வால்டர் கேனன் இதை ஏற்கவில்லை. உள்ளுறுப்புகள் மெதுவாகவே மாறுகின்றன. பயத்திலும் கோபத்திலும் அந்த மாற்றங்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. அப்படியிருக்க, மனம் எதை வைத்து இது பயம், இது கோபம் என்று பிரித்தறியும்? 1927-இல் அவர் எழுப்பிய இந்தக் கேள்வி அறிஞர்களைச் சிந்திக்க வைத்தது.

ஆனால் நம்மைக் கைகூப்ப வைப்பது கேனன் கண்டறிந்து சொன்ன இன்னொரு செய்தி. ஆபத்து நேரத்தில் சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் சிறு சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் விரைகிறது. கல்லீரல் சேமித்த சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது. செரிமானம் நிற்கிறது, வயிற்றுக்குப் போகும் இரத்தம் தசைகளுக்குத் திரும்புகிறது. காயம் பட்டால் உயிர் போகாதிருக்க, இரத்தம் விரைவில் உறையவும் ஆயத்தமாகிறது. காயம் படுவதற்கு முன்பே அதற்கான மருந்து தயார்!

பிற்காலத்தில் நரம்பியல் ஆய்வாளர் ஜோசப் லெடூ எலிகளின் மூளையை ஆராய்ந்து, அச்சச் செய்திக்கு இரண்டு பாதைகள் உண்டு என்று காட்டினார். நீண்ட பாதை, ஆராய்ந்து தெளியும் மூளைப்புறணி வழியாகச் செல்கிறது. குறுக்குப் பாதையோ வாதுமைப் பருப்பு வடிவிலுள்ள அமிக்டலா என்னும் மூளைப் பகுதியை நேரே அடைகிறது. கிடப்பது பாம்பா, கயிறா என்று அறிவு விசாரித்து முடிப்பதற்குள் கால் பின்வாங்கியிருக்கும். கயிற்றைக் கண்டு துள்ளியவனுக்கு நஷ்டமில்லை; பாம்பைக் கயிறென்று நம்பியவனுக்கு உயிரே நஷ்டம். படைப்பு எந்தத் தவற்றை நமக்கு அனுமதித்திருக்கிறது, பாருங்கள்!

தொல்காப்பியமும் அச்சத்தை எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் நான்கு இடங்களுள் விலங்கையும் சேர்த்திருக்கிறது. நம் முன்னோர் அதை இழிவென்று ஒதுக்கவில்லை.

ஆகவே, பயந்து ஓடிவரும் குழந்தையைக் கோழை என்று ஏசாதீர்கள். அதன் உயிரைக் காக்கப் படைத்தவன் வைத்த காவல் விழித்திருக்கிறது என்று மகிழ்ந்து, அணைத்துக்கொள்ளுங்கள்.