குமரப் பருவத்தில் அவயவங்களின் வளர்ச்சி

பிறந்த குழந்தையொன்றின் படத்தை வளர்ந்த மனிதனின் உயரத்திற்குப் பெரிதாக்கிப் பார்ப்போமாயின், அவ்வுருவம் மனிதனைப் போலத் தோன்றாது. பெருந்தலையும் குறுங்கால்களும் வாய்ந்த விந்தைப் பிறவியாகவே காணப்படும். குழவியின் தலை அதன் முழு நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. வளர்ச்சி முற்றியவர்க்கோ ஏறக்குறைய ஏழரையில் ஒரு பங்கேயாம். ஆதலின் வளர்தல் என்பது உறுப்புகள் யாவும் ஒரே விகிதத்திற் பெருத்தலன்று. ஒவ்வொன்றும் தனக்குரிய காலத்தில் தனக்குரிய வேகத்தோடு நீளுதலேயாகும். இவ்வுண்மை குமரப் பருவத்தில் வெளிப்படையாகவே புலப்படும்.

மக்களின் வளர்ச்சியை முறையாக அளந்து குறித்த பழைய ஏடுகளுள் பிரெஞ்சு நாட்டுப் பிரபுவாகிய மோன்பெய்யார் என்பவரது குறிப்புப் பெயர் பெற்றது. அவர் 1759ஆம் ஆண்டிற் பிறந்த தம் மைந்தனை 1777 வரை ஏறத்தாழ ஆறு திங்களுக்கொரு முறை அளந்துவந்தார். அதனை அவர் நண்பரான புஃபோன் தமது இயற்கை வரலாற்று நூலின் அநுபந்தத்தில் வெளியிட்டார். தந்தையின் பொறுமை வீண்போகவில்லை. அப்பையனது வளர்ச்சி வேகம் குழந்தைப் பருவத்தில் மெல்லமெல்லக் குறைந்து வந்து, பின் திடீரென மேலெழுந்து, பதினான்காம் வயதையொட்டி உச்சமெய்தித் தணிந்தமை அவ்வெண்களிலிருந்தே விளங்கிற்று.

பெண் மக்களுக்கு இவ்வெழுச்சி சராசரியாக 12 வயதிலும், ஆண் மக்களுக்கு 14 வயதிலும் உச்சமடைகின்றது. பன்னிரண்டு வயதுத் தங்கை பதின்மூன்று வயதுத் தமையனைக் காட்டிலும் உயர்ந்து நிற்றல் இதனாலேயே, தமையன் நாணவேண்டியதில்லை. அவன் பின்தங்கும் அவ்விரண்டாண்டுகளிலும் கால்களே உடலினும் விரைந்து நீளுகின்றன. ஆடவரின் உயரத்திற்கும் கால் நீளத்திற்கும் அக்காலம் பெரிதும் காரணமாகும்.

இனி, எழுச்சியின் ஒழுங்கைக் காண்போம். முதலில் விரைவது பாதம். அதனையடுத்துக் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதியும், பின்னர்த் தொடையும் நீளும். கையிலும் ஏறக்குறைய இதே முறைதான். இடுப்பும் தோளும் அகலுதல் அதன் பின்னரே. உடலின் நீளம் எல்லாவற்றிற்கும் இறுதியில் வரும்; கால்களின் உச்ச வேகத்திற்கும் உடலின் உச்ச வேகத்திற்கும் இடையே அரையாண்டு முதல் ஓராண்டு வரை செல்லும். முதலில் செருப்புக் கடிக்கும். பிறகு கால்சட்டை குட்டையாகும். சட்டை போதாமற் போவது கடைசியில். தையற்காரர்கள் இதனை எந்நூலையும் கற்காமலே அறிந்திருப்பர்! பாதங்கள் மட்டும் பெரியவனுடையவையாக உள்ள சிறுவன், தான் என்றும் இப்படியே இருந்துவிடுவேனோ எனக் கலங்குவதுண்டு. பாதம் முந்தி முடியும். உடல் பின்னர் அதனை எட்டிப் பிடிக்கும் என்பதை யாரேனும் அவனுக்குச் சொல்லவேண்டும்.

தலையோ இவ்வாரவாரத்தில் அதிகம் கலந்துகொள்வதில்லை. மூளை தன் வளர்ச்சியிற் பெரும்பகுதியை ஆறாம் வயதிற்குள் முடித்துவிடுகின்றது. ஆயின் முகம் மாறும். கீழ்த்தாடை முன்வந்து நீளும், மூக்கும் உயரும். ஆண்களுக்குத் தோளும், பெண்களுக்கு இடுப்பும் சிறப்பாக அகலுதற்குக் காரணம், அவ்விடத்துக் குருத்தெலும்புகள் அவ்வவ்வினத்தின் ஹார்மோன்களுக்கு மிகுதியாக இணங்குதலேயாம்.

நீண்ட எலும்புகளின் முனைகளிலுள்ள குருத்தெலும்புப் பட்டைகளே வளர்ச்சியின் இருப்பிடம். அவை எலும்பாகி மூடிக்கொள்ளுங்கால் வளர்ச்சி நின்றுவிடும். அவற்றை மூடுவது ஆண்களிடத்தும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனே என்பது வியப்பிற்குரியது. இதற்குச் சான்று 1994ஆம் ஆண்டில் வெளியான ஒரு மருத்துவ அறிக்கை. ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் ஆற்றல் உடலில் இல்லாத ஓர் ஆடவர், 28 வயதில் இரண்டு மீட்டருக்கு மேல் உயர்ந்திருந்தும், எலும்பு முனைகள் மூடாமையால் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார்.

இவ்வெழுச்சி எல்லார்க்கும் ஒரே வயதில் வருவதன்று. இங்கிலாந்தில் 1948இல் தொடங்கிய ஹார்ப்பெண்டன் ஆராய்ச்சியில் குழந்தைகளைப் பல்லாண்டு தொடர்ந்து அளந்த டானர் என்னும் அறிஞர் இதனை நன்கு விளக்கினார். ஒரே வகுப்பில் பதினான்கு வயதினர் இருவருள் ஒருவன் முழு ஆடவன் போலவும் மற்றவன் குழந்தை போலவும் இருக்கலாம், இருவரும் நோயற்றவர்களே. ஆயினும் விளையாட்டிற்கு ஆள் தெரியுங்கால் பின்னவன் ஒதுக்கப்படுகின்றான். வீட்டிலோ அவன் நோஞ்சான் என்று தைலமும் லேகியமும் தேடப்படுகின்றன. ஐயம் நேரின் மருத்துவர் நாடுவது பிறந்த தேதியை மட்டுமன்று, இடக்கையின் எக்ஸ்ரே படத்தையுமே. அதில் குருத்தெலும்புப் பட்டைகள் மூடாதிருப்பின் அவன் எலும்பு வயதில் இளையவன். அவனுக்குரிய வளர்ச்சி இன்னும் எஞ்சியிருக்கின்றது.