தவிடு மாட்டுக்கு மட்டும்தானா?

மில்லில் அரைத்த அரிசி வீட்டுக்கு வருகிறது. தவிடு தொழுவத்துக்குப் போகிறது. வைட்டமின் பி1, நார்ச்சத்து, தாது உப்புகள் என்று தானியத்தின் சத்தில் பெரும்பகுதியும் தவிட்டோடுதான் போகிறது.

1890-களில் ஜாவா தீவில் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மான் இதைக் கண்ணால் கண்டார். தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் தள்ளாடி விழுந்தன. தீட்டாத அரிசி கொடுத்ததும் தேறின. இந்த ஆய்வுக்காக 1929-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனாலும், மில் தவிட்டை அப்படியே அள்ளிச் சமைக்கக் கூடாது. பழைய ஹல்லர் மில் தவிட்டில் உமி கலந்திருக்கும். பச்சரிசித் தவிட்டிலோ, அரைத்த சில மணி நேரத்திலேயே எண்ணெய் கெடத் தொடங்கி, காறல் வாடை வந்துவிடும். வீட்டுச் சமையலுக்கு, உணவுக்கென்று கடையில் விற்கும் கோதுமைத் தவிடே ஏற்றது. அதன் 100 கிராமில் சுமார் 43 கிராம் நார்ச்சத்து. மலச்சிக்கலுக்கு நல்ல தீர்வு.

வெறும் தவிட்டைக் குழந்தைகள் தொட மாட்டார்கள். அதற்குத்தான் மஃபின் என்கிற சின்ன கேக்கும், உலர் திராட்சையும். திராட்சையின் இனிப்பு இருப்பதால் சர்க்கரை குறைவாகவே போதும்.

செய்முறை: ஒரு கப் கோதுமைத் தவிட்டை ஒரு கப் மோரில் 15 நிமிடம் ஊறவைக்கவும். ஊறாத தவிடு மாவிலுள்ள ஈரத்தை இழுத்து, மஃபினை வறட்டியாக்கிவிடும். பிறகு ஒரு முட்டை, அரை கப் நாட்டுச்சர்க்கரை, கால் கப் எண்ணெய் சேர்த்து அடிக்கவும். ஒரு கப் கோதுமை மாவு, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் ஆப்பசோடா, அரை கப் உலர் திராட்சை, ஒரு சிட்டிகை உப்பு போட்டு லேசாகக் கலக்கவும். ஓவனில் 200 டிகிரியில் 20 நிமிடம் வைக்கலாம். ஓவன் இல்லாவிட்டால், எண்ணெய் தடவிய இட்லித் தட்டில் 15 நிமிடம் வேகவைக்கலாம். குச்சியால் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். 12 மஃபின் கிடைக்கும். ஒன்றில் சுமார் 3 கிராம் நார்ச்சத்து.

கவனிக்க: முதல் வாரம் நாளுக்கு ஒன்று போதும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், இல்லையென்றால் வயிறு உப்பும். சின்னக் குழந்தைகளுக்குத் திராட்சையை நறுக்கிப் போடவும். முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும். சர்க்கரை நோயாளிகள் திராட்சையையும் நாட்டுச்சர்க்கரையையும் கணக்கில் எடுக்க வேண்டும். தவிட்டில் இரும்புச்சத்து இருந்தாலும் அது உடலில் முழுதாகச் சேராது. ரத்தசோகை உள்ளவர்கள் கீரையையும் மருத்துவர் தரும் மாத்திரையையும் விட்டுவிடக் கூடாது.