கைக்குத் தெரிந்த கோளாறு

பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளைந்த கம்பம் பள்ளத்தாக்கில், அறுவடைக் காசு கையில் தங்கும்போதே வீட்டு வேலையைத் தொடங்கிவிடுவார்கள். போடி, சின்னமனூர், உத்தமபாளையம் பக்கம் பழைய வீடுகளின் தலைவாசலில் இன்றும் கஜலட்சுமியையும் தாமரையையும் பார்க்கலாம். அதற்கெல்லாம் ஆசாரி வீட்டுக்கே வந்து, மாட்டுக்கொட்டகை ஓரமாகப் பட்டறை போட்டு, வாரக்கணக்கில் உட்கார்ந்து செதுக்கினார்.

அந்த வேலையிலும் கோளாறு உண்டு. உளி மழுங்கினால் மரம் அறுபடாமல் நார் நாராகப் பிய்ந்து வரும். ரேகைக்கு எதிராகப் போனால் சிராய் எழும். கணு வந்தால் கொட்டாப்புளி அடி வேறு மாதிரி திருப்பி அடிக்கும். எதுவானாலும் முதல் இரண்டு அடியிலேயே உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். வேலையை நிறுத்திக் கல்லில் தீட்டுவார், இல்லையென்றால் பலகையைத் திருப்பிப் போடுவார். உளியின் பதம் போயிருந்தால் கொல்லுப்பட்டறைக்கு அனுப்புவார். கெட்டது ஒரு நெல்மணி அளவு மரம்தான்.

இன்று அதே தாமரையை வீட்டுப் பின்கட்டுத் தகரக் கொட்டகையில் நிற்கும், கணினி சொற்படி ஓடும் சிஎன்சி மெஷின் செதுக்குகிறது. எண் கட்டளைகளால் மில்லிங் எந்திரத்தை ஓட்டலாம் என்று அமெரிக்காவின் எம்ஐடி 1952-இல் காட்டியது. அந்த நுட்பம் சுருங்கிச் சுருங்கி ஒரு கட்டில் அளவு மேசைக்கு வந்திருக்கிறது. காலையில் பலகையை இறுக்கிவிட்டால் மாலையில் கதவுப் பூ தயார். கள்ளக்குறிச்சியின் மரச் சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே கைவேலைக்கு இருக்கும் பெயர் இங்கே இல்லை. ஆகவே கதவு, கட்டில் வேலைக்கு மெஷினை வாங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

என் கவலை வேறு. பிழை நடக்கும்போது மெஷினுக்கு அது தெரியாது. சிறு மெஷின்களில் இருக்கும் ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றை 200 அடிகளாகப் பிரித்துச் சுற்றும். சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகரும் ஸ்க்ரூவில் ஓர் அடி என்பது 0.025 மில்லிமீட்டர். பாரம் தாங்காமல் 40 அடி தவறினால் பூ ஒரு மில்லிமீட்டர் விலகிவிடும். போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டதாகவே எண்ணிக்கொண்டு மெஷின் கடைசி வரை செதுக்கி முடிக்கும். பார்க்கும்போது முழுப் பலகையும் வீண். பிறகு நடக்கும் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"மாமா, கம்ப்யூட்டர்ல டிசைன் சரியாத்தான் இருக்கு."

"டிசைன விடு மாப்ள. மோட்டாருக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவுல இருக்கற கப்ளிங்கப் பாரு."

கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கப்ளிங்கைப் பிடித்திருக்கும் சின்னத் திருகாணி அதிர்வில் தளர்ந்து, மோட்டார் சுற்றினாலும் ஸ்க்ரூ சில சமயம் அப்படியே நிற்கும். அது இறுக்கமாக இருந்தால் தண்டவாளத்தைப் பார்க்க வேண்டும். ஆடிக் காற்றில் பறந்து வரும் மண், தேக்குத் தூளோடும் கிரீஸோடும் சேர்ந்து விரலால் வழித்தால் கறுப்பு மையாக வரும். அதற்குள் மணல் நெறுநெறுக்கும். துடைத்துப் புது கிரீஸ் போடாமல் வேகத்தை மட்டும் குறைத்தால் கோளாறு நாலு நாள் ஒளிந்திருக்கும், அவ்வளவுதான்.

பூ போகப் போக ஆழமாகிக்கொண்டே போனால், வெட்டும் முனையான பிட், அதைப் பிடித்திருக்கும் கோலெட்டிலிருந்து கீழே நழுவுகிறது. தூளைத் துடைக்காமல் இறுக்கியிருப்பார்கள், அல்லது கோலெட்டே தேய்ந்திருக்கும். மரம் கருகினால் பலரும் பிட் நகரும் வேகத்தைக் குறைக்கிறார்கள். அது நேர்மாறான வைத்தியம். நிமிடத்துக்கு 18,000 சுற்றில் ஓடும் பிட் மெதுவாக நகர்ந்தால் ஒரே இடத்தில் உரசி இன்னும் சூடாகும். பிட் கூராக இருந்தால் நகரும் வேகத்தைக் கூட்ட வேண்டும், மழுங்கியிருந்தால் மாற்ற வேண்டும்.

இதையெல்லாம் முன்கூட்டியே சொல்வது சத்தம். வெட்டு சீராக இருந்தால் ஒரே சுருதியில் ஓடும். பிட் மழுங்கினால் கீச்சிடும், பேரிங் போகும்போது அடியில் ஓர் உறுமல் சேரும். உளி பிடித்த பெரியவர்களுக்கு இந்த மாற்றம் சட்டென்று பிடிபடுகிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு மெஷினை ஓட்டும் பிள்ளைகளுக்கு அது கேட்பதற்கே வழியில்லை.

விற்பவர்கள் மெஷினைப் பொருத்தி, ஒரு பிள்ளையாரைச் செதுக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். டிசைன் போடக் கற்றுத் தருகிற அளவுக்குப் பழுது பார்க்க யாரும் கற்றுத் தருவதில்லை. கடன் வாங்கி மெஷின் போட்ட குடும்பத்துக்கு நின்று போன ஒவ்வொரு நாளும் நஷ்டம். அந்தக் குடும்பங்களுக்கு நான் சொல்வது இது: நல்ல தேக்கை ஏற்றுவதற்கு முன் கழிவுப் பலகையில் ஒரு சதுரமும் ஒரு வட்டமும் வெட்டுங்கள். சதுரத்தின் இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இல்லையென்றால் சட்டம் கோணியிருக்கிறது. வட்டம் முட்டை வடிவில் வந்தால் ஏதோ ஓர் அச்சின் ஸ்க்ரூ நட்டில் ஆட்டம் இருக்கிறது. ஐப்பசி மழையில் மேசைப் பலகை ஊதியிருந்தால், மேற்பரப்பை மெஷினாலேயே ஒரு முறை சீவிவிட்டுத் தொடங்குங்கள்.